ஜாஹிராவின் இரண்டாவது வீடியோ

ஜாஹிராவுக்கு மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. டில்லியில் பட்ஜெட் போடுவதற்கு முன்னால் ஜனங்களின் யோசனையைக் கேட்கிறோம் என்று வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தையல் கடைக்காரர்கள் சார்பில் யாராவது வரவேண்டும் என்றார்கள். வேறு யாரும் போகாததால் அவள் போனாள். போனவள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காக மிஷினை மிதித்துக்கொண்டே, கூட வேலை செய்யும் பொன்னியிடம் சொல்லிச் சொல்லி நெஞ்சில் சேர்ந்து கிடந்தது ஒன்று இருந்தது. மைக் கைக்கு வந்ததும் அது தானாகவே வெளியே வந்துவிட்டது.

"துணி வாங்கினா வரி, நூல் வாங்கினா வரி, பட்டனுக்கு வரி. கட்றோம். வேணாங்கல. அந்த வரியில எங்க தெரு பள்ளிக்கூடத்துக்கு இன்னா வந்துச்சுனு கேட்டா மட்டும் யாருக்கும் தெரியல. ஒரு தாலுகாவுல வசூலாவுற வரியில ஒரு பங்கு அந்தத் தாலுகா அரசுப் பள்ளிக்கூடத்துக்குனு சட்டமாவே போடணும். அரசாங்கச் சம்பளம் வாங்குறவங்க யாரா இருந்தாலும் புள்ளைங்கள அங்கதான் சேக்கணும். அப்பத்தான் அங்க பாத்ரூம்ல தண்ணி வரும்."

ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அவளை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது.

"தனியார் பள்ளிக்கூடம் நடத்தட்டும். ஆனா வாங்குற ஃபீஸு பூராவுக்கும் பில் குடுக்கணும். பில் இல்லாம வாங்கினா அது ஸ்கூல் இல்லீங்க, கடை. கடைனா எங்கள மாதிரி வரி கட்டட்டும்."

முன்வரிசையிலிருந்து ரிட்டயர்டு பேராசிரியர் ஒருவர் எழுந்து, "ஏழைத் தாலுகாவுல வசூலே கம்மியா இருக்குமேம்மா, அங்க இருக்கிற பள்ளிக்கூடம் என்ன ஆவும்?" என்று கேட்டார். "அத நான் யோசிக்கல சார்," என்றாள் ஜாஹிரா. மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு இறங்கினாள்.

அதோடு முடிந்திருக்கும். மறுநாள் உள்ளூர் யூடியூப் சேனல்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "அதையே இங்க ஒருவாட்டி சொல்லுங்கக்கா, மண்டபத்துல ஆடியோ சரியா விழல," என்றார். அவளும் சொன்னாள். பேரைக் கேட்டார், சொன்னாள். மகள் எந்த ஸ்கூல் என்று கேட்டதற்கு மட்டும், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த அளவுக்காவது விவரம் இருந்ததே என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பெங்களூரில் இருக்கிற நாத்தனார்கூடப் போன் பண்ணினாள். பொன்னிதான் முதலில் கவனித்தாள். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவள், "அக்கா, உங்க தலைக்குப் பின்னாடி இன்னா தொங்குது பாருங்க," என்றாள்.

ஜாஹிரா பார்த்தாள். அவள் பேசப் பேச, பின்னால் வரிசையாக மெரூன் கட்டம் போட்ட யூனிஃபார்ம்கள் ஹேங்கரில் ஆடிக்கொண்டிருந்தன. அவள் மகள் சானியா பத்தாவது படிக்கும் பள்ளியின் யூனிஃபார்ம். ஊரில் அந்தக் கட்டத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்தப் பள்ளியின் ஆர்டர்தான் கடையின் பாதிப் பிழைப்பு. அந்தப் பள்ளியில்தான் வருஷா வருஷம், பில்லில் பாதி, பில் இல்லாமல் பாதி என்று அவள் ஃபீஸ் கட்டிவந்தாள்.

ஸ்கூல் பேரைச் சொல்லாமல் மறைத்ததெல்லாம் வீண்.

கணவன் ஜியாவுல்லா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வீடியோவை இன்னொரு முறை பார்த்தான். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற காஃபி கடைகளில் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்ப்பது அவன் வேலை. அதிகம் பேசாதவன்.

"நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அதான் பயமா இருக்கு. பொய்யா இருந்தா அவங்க சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க."

மறுநாள் பள்ளியிலிருந்து ஒரு வேன் வந்து கடை முன்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கி, தைக்கக் கொடுத்திருந்த துணிக்கட்டுகளை எடுத்து வேனில் ஏற்றினார்கள். வெட்டிப் பாதி தைத்ததைக்கூட விடவில்லை. "இன்னாங்க, யாரு சொன்னாங்க?" என்று பொன்னி கேட்டதற்கு, "எங்களுக்கு ஒன்னும் தெரியாதுமா," என்று மட்டும் சொன்னார்கள். ஆர்டர் போனது ஜாஹிராவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதோடு விட்டால் போதும் என்றுதான் இருந்தது. விடமாட்டார்கள் என்பதும் உள்ளுக்குள் தெரிந்தது.

அடுத்து ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல செருப்பு. சட்டை தைக்கணும் என்றார். ஜாஹிரா டேப்பை எடுத்துப் பொன்னியின் கையில் கொடுத்தாள். அவர் அளவுக்கு எழுந்து நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"பாப்பா டென்த்து தானே?"

"ஆமாங்க."

"சயின்ஸ் பிராக்டிகல் வருதே. அதுக்கு நம்ம ஸ்கூல்லயே மார்க்கு போட்ருவாங்க, இல்ல?"

அவர் எழுந்தார். "துணி அப்புறம் கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகுதான், அவர் கையில் துணியே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

சானியாவிடம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனாலும் அவள் ஸ்கூலிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே ஜாஹிரா அவள் முகத்தைத் துழாவுவாள்.

"ஸ்கூல்ல யாராவது எதனா சொன்னாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லல, அம்மி. கையத் தூக்கினாக்கூட மிஸ் என்னைப் பாக்கறதில்ல. அவ்ளோதான்."

சொட்டுச் சொட்டாக வந்த இந்தப் பயமெல்லாம் பௌர்ணமியன்று ஒரேயடியாகக் கொட்டியது.

பௌர்ணமி என்றால் ஊருக்குள் வண்டி நுழையாது. மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக மத்தியானத்திலிருந்தே போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள். வெளியூர் பஸ்களெல்லாம் எல்லையிலேயே நின்றுவிடும். ஸ்கூல் வேனும் பைபாஸ் பக்கம் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். பெற்றவர்கள்தான் போய்க் கூட்டிவர வேண்டும். ஜாஹிரா பர்தாவை மாட்டிக்கொண்டு சீக்கிரமே போய் நின்றாள். மலை சுற்ற வந்தவர்கள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வேன் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசிப் பிள்ளையும் இறங்கியாகிவிட்டது. ஜாஹிரா உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டெல்லாம் காலி.

"சானியா எங்க?"

டிரைவர் வேடியப்பன் எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். சானியா எல்.கே.ஜி.யில் சேர்ந்ததிலிருந்து அவளை ஏற்றி இறக்குகிறவர். இன்று ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார்.

"பாப்பா ஏறலம்மா. ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட்டாங்க. நான் இருந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். நீ வண்டிய எடுனுட்டாங்க."

"யாரு சொன்னாங்கண்ணா?"

வேடியப்பன் கியரைப் போட்டார்.

ஜாஹிரா ஜியாவுல்லாவுக்குப் போன் போட்டாள். லைன் போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. ஸ்கூல் நம்பருக்குப் போட்டாள். அதுவும் போகவில்லை. ஆட்டோ கிடையாது. தனியாக அங்கே போவதா, கணவனைக் கூட்டிக்கொண்டு போவதா என்று ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். தனியாகப் போகப் பயமாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. பிறகு, அன்று கணவன் வேலைக்குப் போயிருந்த காஃபி கடை இருக்கிற செங்கம் ரோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.

கூட்டத்தில் ஓட முடியுமா? அரோகரா என்று ஒருபக்கம் குரல், அன்னதானத்துக்கு ஒருபக்கம் வரிசை, நடுவில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். இடித்துக்கொண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் போனாள். ரெட்டைச் சடை போட்ட பெண் முன்னால் யார் போனாலும் நெஞ்சு துள்ளியது. கிட்டே போனால் வேறு முகம். உதவி மையத்து மைக்கில், காணாமல் போனவர்களின் பேரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேல்மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்துவிட்டு, மலை சுற்ற வந்த ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"யாரையாவது தொலைச்சிட்டியாமா? அங்க போய் பேரக் குடு. மைக்குல சொல்லுவாங்க."

ஜாஹிரா தலையை ஆட்டினாள். தொலைந்தவள் என்றால் மைக்கில் சொல்லலாம். எங்கே இருக்கிறாள், யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளையை எந்த மைக்கில் சொல்வது?

காஃபி கடையில் ஜியாவுல்லா ஃப்ரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். "சானியாவ அனுப்பல," என்றாள் அவள். அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த கிரீஸைத் துடைக்காமலேயே வண்டியை எடுத்தான். தடுப்பு இல்லாத சந்துகளாகப் பார்த்து, கொல்லைமேட்டு மண்பாதையில் இறங்கி ஏறி, ஊருக்கு வெளியே இருந்த பள்ளிக்குப் போனார்கள். வழி நெடுக ஜாஹிரா அவன் சட்டையைப் பிடித்திருந்தாள்.

பள்ளியில் இருட்டத் தொடங்கியிருந்தது. தாளாளர் அறையில் மட்டும் விளக்கு. வாட்ச்மேன் யாரென்று கேட்கவில்லை, நோட்டில் எழுதச் சொல்லவில்லை. "உள்ள போங்க, சார் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாரு," என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

அறைக்கு வெளியே பெஞ்சில் சானியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட், தொடாமல் இருந்தது. ஜாஹிரா அவள் கையைப் பிடித்தாள். தோளை, முகத்தை, தலையைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்னும் இல்ல, அம்மி," என்றாள் சானியா மெதுவாக.

தாளாளர் இளவரசன் கதவுவரை வந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். குரலை உயர்த்தாத மனிதர். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் சானியா தெரிந்தாள்.

"பௌர்ணமிக் கூட்டம். பொம்பளப் புள்ளைய நடு ரோட்டுல எறக்கிவிட மனசு வரல. அதான் உக்கார வெச்சோம்."

"மத்த பொம்பளப் புள்ளைங்க எல்லாம் போனாங்களே சார்," என்றான் ஜியாவுல்லா.

"மத்தவங்க அம்மா யாரும் அவ்ளோ ஃபேமஸ் இல்லையே, பாய்." இளவரசன் சிரித்தார். பிறகு ஜாஹிராவைப் பார்த்தார். "நல்லா பேசுறீங்கம்மா. நான் ரெண்டு மூணுவாட்டி பாத்தேன். நானும் அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்தான். நீங்க சொன்னதுல பாதி எனக்குச் சம்மதம். ஆனா பாருங்க, பெத்தவங்க எங்கிட்ட வந்து கேக்குறாங்க. நீங்க யாரச் சொன்னீங்க?"

"நான் பேர் எதுவும் சொல்லல சார்."

"நீங்க சொல்லல. உங்க பின்னாடி தொங்கின துணி சொல்லிச்சு."

ஜாஹிரா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினாள்.

"பாப்பா நல்லா படிக்குது," என்றார் இளவரசன். "மேல நல்லா வரும். பிராக்டிகல் விஷயத்துல நான் தலையிடறதே இல்ல. அது டீச்சருங்க பாத்துக்கறது. அவங்களுக்கும் மனசு வருத்தம் இருக்கும் இல்ல? தெரியாம பேசிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும். எனக்காக வேணாம். அவங்களுக்காக."

ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். எல்லாம் தயாராக இருந்தது. ஜாஹிரா ஜியாவுல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் தடவை குரலே வரவில்லை. "பரவால்லமா, இன்னொருவாட்டி," என்றார் இளவரசன். இரண்டாவது தடவை சொன்னாள். போன வாரம் பேசியது சரியாகத் தெரியாமல் பேசியது என்றாள். தன் மகள் படிக்கும் ஸ்கூலில் எல்லா ஃபீஸுக்கும் பில் கொடுக்கிறார்கள் என்றாள். யார் மனசாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கணும் என்றாள்.

"நல்லா வந்துச்சு. ஆனா மூஞ்சி ரொம்ப இறுக்கமா இருக்கு. மிரட்டி வாங்கின மாதிரி ஆயிடும். கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லிடுங்க."

மூன்றாவது தடவை ஜாஹிரா சிரித்த மாதிரி சொன்னாள்.

திரும்பும்போது சானியா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நிலா மலைக்கு மேலே ஏறிவிட்டது. ஊர் எல்லையில் தடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் கூட்டம் நகர்கிற வழியாக இல்லை. ஜாஹிரா மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"உன்னை உள்ள கூப்ட்டு இன்னா கேட்டாரு?"

"உங்கம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுக்கறாங்க, எந்தக் கட்சினு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"யாரும் சொல்லிக் குடுக்கல, வீட்டுல அம்மி எப்பவும் இதத்தான் பேசும்னு சொன்னேன். தாலுகா வரி கணக்குல தப்பு இருக்கு சார், நான்கூட அம்மிகிட்ட சண்ட போட்டேன்னு சொன்னேன். ஆனா பில் கேக்கறது தப்பு இல்ல சார்னு சொன்னேன்."

தான் பேசியதற்கே இவ்வளவு. இந்தப் பெண் அந்த அறைக்குள், அந்த மனிதரின் முகத்துக்கு நேராக, தனியாக நின்று அதைச் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. வெளிய போய் உக்காந்து பிஸ்கட் சாப்டுனு சொன்னாரு." பிறகு சானியா கேட்டாள். "நீ எதுக்கு அம்மி சிரிச்ச?"

ஜாஹிரா பிடியை இன்னும் இறுக்கினாள். "ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றான் ஜியாவுல்லா. "வண்டி ஆடுது."

இரண்டாவது வீடியோ மறுநாளே வந்தது. எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டு அதன் அடியில் கண்டவர்களும் எழுதினார்கள். முதல் வீடியோவுக்குத் துணிச்சல்காரி என்று எழுதியவர்களும் அதில் இருந்தார்கள். பொன்னி அன்று முழுக்கக் குனிந்தபடி பட்டனுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது, "எம்பொண்ணா இருந்தா நானும் அதான் செஞ்சிருப்பேன்க்கா," என்றாள். ஜாஹிராவுக்கு அது ஆறுதலாக இல்லை. பள்ளி ஆர்டர் திரும்பி வரவில்லை. பள்ளியிலிருந்து அதன்பிறகு யாரும் வரவும் இல்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்ட ஆள் யார் கடைப்படி ஏறினாலும், கையில் துணி இருக்கிறதா என்றுதான் அவள் முதலில் பார்ப்பாள்.

பிராக்டிகல் முடிந்தது. பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்த அன்று மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சானியா நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். சயின்ஸ் பிராக்டிகலில் முழு மார்க்கு.

ஜியாவுல்லா அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜாஹிராவின் கண் அந்த ஒரு இடத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சானியா அவள் முகத்தைக் கவனித்துவிட்டாள்.

"அது நான் வாங்கினது, அம்மி. எனக்கு வந்த லென்ஸுக்குக் குவிதூரம் கரெக்டா வந்துச்சு. நான் பாத்தேன். யாரும் குடுத்தது இல்ல."

"தெரியும்டி," என்றாள் ஜாஹிரா.

அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பதினொன்றாவதுக்கு அரசு மகளிர் பள்ளியில் சேர்கிறேன், காமர்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சானியா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வரி, பட்ஜெட் எல்லாம் ஒழுங்காகப் படிக்க வேண்டுமாம். படித்துவிட்டுப் பேச வேண்டுமாம். வாசல் கதவு திறந்து கிடந்தது. மகளின் குரல் தெருவரைக்கும் கேட்டது. ஜாஹிரா எழுந்து போய், தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தாள். யாரும் இல்லை. கதவைச் சாத்தலாம் என்று கையை வைத்தவள், சாத்தாமல் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.